ஒரே ஆட் அக்கவுண்டில் ஒன்பது வாடிக்கையாளர்

கேள்வி: அண்ணா வணக்கம். ஈரோட்டில் நானும் காலேஜ் நண்பனும் சேர்ந்து சின்னதாக ஒரு டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்ஸி நடத்துகிறோம். ஒன்பது வாடிக்கையாளர்கள். ஜவுளிக்கடை, பல் கிளினிக், டியூஷன் சென்டர், ஒரு சித்த வைத்தியசாலை என்று கலந்து இருக்கிறார்கள். எல்லோருடைய ஃபேஸ்புக், இன்ஸ்டா விளம்பரங்களும் எங்களுடைய ஒரே ஆட் அக்கவுண்டில்தான் ஓடின. விளம்பரக் காசை எங்களுக்கு ஜிபே செய்வார்கள், நாங்கள் கட்டுவோம். அவசரத்துக்கு அவர்கள் கார்டையே எங்கள் அக்கவுண்டில் போட்டதும் உண்டு. மாதம் மொத்தம் 2.4 லட்சம் வரை போகும். எங்கள் சார்ஜ் ஆளுக்கு 6,000. போன வாரம் அக்கவுண்ட் டிஸேபிள் ஆகிவிட்டது. உள்ளே 31,000 ரூபாய் மாட்டிக்கொண்டிருக்கிறது. ரிவ்யூ கேட்டோம், பதில் இல்லை. டெலிகிராமில் ஒருவர் ‘பழைய அக்கவுண்ட், லிமிட் கிடையாது’ என்று 12,000 ரூபாய்க்குத் தருகிறார். வாங்கலாமா? இதற்கிடையில் ஜவுளிக்கடைக்காரர், ‘என் அக்கவுண்டைக் கொடுத்துவிடு, நான் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறார். அவர் இரண்டு மாதச் சார்ஜ் பாக்கி. பேஜ் அட்மின் எங்களிடம் இருக்கிறது. பாக்கி வரும்வரை கொடுக்காமல் வைத்திருக்கலாமா? இனிமேல் அவரவர் பெயரில் அக்கவுண்ட் போடலாம் என்றால், அப்புறம் நம்மை விட்டுச் சுலபமாகப் போய்விடுவார்கள் என்று நண்பன் பயப்படுகிறான்.

பதில்:

தம்பி, அந்த டெலிகிராம் ஆளிடம் வாங்காதீர்கள். இதைப் படிக்கும்போது நீங்கள் அவருக்குப் பணம் அனுப்பப் போயிருந்தாலும் போயிருப்பீர்கள், அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறேன். அந்த அக்கவுண்ட் யாரிடமிருந்தோ ஹேக் செய்ததாக இருக்கலாம், யாரோ ஒருவருடைய அடையாள அட்டையைக் காட்டித் திறந்ததாக இருக்கலாம். நல்லதாகவே இருந்தாலும், தடை வாங்கிய அதே ஆள் அதே லேப்டாப்பில் அதே பேஜ்களை வைத்து வேறு அக்கவுண்ட் வழியாக விளம்பரம் ஓட்டுவதை மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டா இரண்டையும் நடத்துகிற நிறுவனம்) தடையைத் தாண்டுகிற முயற்சியாகத்தான் எடுத்துக்கொள்ளும். இப்போது போயிருப்பது ஒரு ஆட் அக்கவுண்ட். அதற்கப்புறம் போவது உங்கள் இருவருடைய ப்ரொஃபைல்களும் வாடிக்கையாளர்களுடைய பேஜ்களுமாக இருக்கும். ஜவுளிக்கடைக்காரர் எட்டு வருடமாகச் சேர்த்த பேஜ் உங்களால் போனால், பாக்கியைப் பற்றி அவரிடம் பேசவே முடியாது.

சரி, போனதைப் பார்ப்போம். நீங்கள் ‘அக்கவுண்ட் டிஸேபிள்’ என்று மொத்தமாக எழுதியிருக்கிறீர்கள். தடை எதன்மேல் விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்து வேலையே மாறும். மெட்டாவின் உதவிப் பக்கமான பிசினஸ் சப்போர்ட் ஹோமுக்குப் போய் நான்கையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள்: ஆட் அக்கவுண்ட், பிசினஸ் மேனேஜர் (பேஜ், ஆட் அக்கவுண்ட் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து நிர்வகிக்கும் கணக்கு; இப்போது பிசினஸ் போர்ட்ஃபோலியோ என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், தொழிலில் யாரும் அப்படிச் சொல்வதில்லை), பேஜ், உங்கள் சொந்த ப்ரொஃபைல். ஆட் அக்கவுண்ட்மேல் மட்டும் தடை என்றால் நிலைமை பரவாயில்லை. ப்ரொஃபைல்மேலேயே விளம்பரத் தடை இருந்தால், அதைத் தீர்க்காமல் நீங்கள் எந்த அக்கவுண்டைத் தொட்டாலும் அதற்கும் ஒட்டிக்கொள்ளும். அப்படியென்றால் தடை இல்லாத நண்பருடைய ப்ரொஃபைலில் வேலையைத் தொடராமல், முதலில் உங்கள் அடையாளச் சரிபார்ப்பை முடியுங்கள். அரசு அட்டையில் உள்ள பெயரும் ப்ரொஃபைலில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊர் ஏஜென்ஸிகளில் பாதிப் பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள். ஏஜென்ஸி பெயரிலேயே ஒரு ப்ரொஃபைல் தொடங்கி, லோகோவை டிபியாக வைத்து, இரண்டு மூன்று பேர் ஒரே பாஸ்வேர்டில் உள்ளே போய் வருவார்கள். அந்தப் பெயரில் எந்த அரசு ஆவணமும் இருக்காது, சரிபார்ப்பு கேட்டால் கதை முடிந்தது. நீங்களும் அப்படித்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் இன்றைக்கே ஆளுக்கொரு உண்மையான ப்ரொஃபைலுக்கு மாறுங்கள்.

ரிவ்யூவை ஒருமுறை தெளிவாகக் கேளுங்கள். தினமும் போய் பட்டனை அழுத்துவதால் ஒன்றும் நடக்காது. காரணம் எழுத இடம் கொடுத்தால் ‘நாங்கள் எந்தத் தவறும் செய்யவில்லை’ என்று எழுதாமல், எந்த விளம்பரத்தால் பிரச்சினை வந்ததாக நினைக்கிறீர்கள், அதை எடுத்துவிட்டீர்களா என்று எழுதுங்கள். உள்ளே கிடக்கும் 31,000 முன்பணம்தானே, அக்கவுண்ட் திரும்ப வராது என்று உறுதியானால் அதை மூடி மீதித் தொகையைத் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது. அது கைக்கு வரும்வரை அதில் யார் யாருடைய பணம் எவ்வளவு என்று ஒரு ஷீட் போட்டு அவரவருக்கு அனுப்பிவிடுங்கள். கேட்பதற்கு முன்னால் அனுப்புங்கள்.

இப்போது அது ஏன் போனது. நீங்கள் சொல்லவில்லை, ஆனால் உங்கள் பட்டியலில் சித்த வைத்தியசாலை இருக்கிறதே, என் கண் அங்கேதான் போகிறது. அவர்களுக்கு ஓட்டிய விளம்பரத்தை எடுத்துப் பாருங்கள். ‘உங்களுக்குச் சர்க்கரை நோயா? 48 நாளில் முழு விடுதலை!’ என்ற மாதிரி ஏதாவது இருக்கும், பக்கத்தில் முன்பு-பின்பு என்று இரண்டு படம், ஒன்றில் தொப்பையோடு ஒருவர், இன்னொன்றில் தொப்பை இல்லாமல். இந்த ஒரே கிரியேட்டிவில் மூன்று தப்பு இருக்கிறது. பார்ப்பவருடைய உடல்நிலையை நேராகச் சுட்டி ‘உங்களுக்கு இந்த நோயா’ என்று கேட்பது மெட்டா விதிப்படி கூடாது. முன்பு-பின்பு படமும் அப்படித்தான். மூன்றாவது மெட்டாவைத் தாண்டியது. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருடத்து மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. அதில் வைத்தியர் மட்டும் மாட்டுவார் என்று நினைக்காதீர்கள், விளம்பரத்தை வெளியிடுவதில் பங்கெடுக்கிற யாருக்கும் அது பொருந்தும். அந்த ‘யாரும்’ நீங்கள்தான் தம்பி. ‘டாக்டர் சொன்னதைத்தான் போட்டோம்’ என்பது அங்கே எடுபடாது. அந்த வைத்தியசாலையை விட வேண்டாம், விளம்பரத்தை மாற்றுங்கள். வைத்தியர் பெயர், படிப்பு, பதிவு எண், ஆலோசனை நேரம், எந்தத் தெரு, பார்க்கிங் உண்டா, முன்பதிவு எப்படி. இதைப் போட்டாலே வர வேண்டியவர்கள் வருவார்கள். இதற்கு அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த 6,000 ரூபாய் நமக்கு வேண்டாம்.

இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். ஒரே அக்கவுண்டில் நாலைந்து பேருடைய கார்டு மாறி மாறி விழுந்தால், திருட்டுக் கார்டை வைத்து விளையாடுகிறார்கள் என்று அவர்களுடைய சிஸ்டம் சந்தேகப்படத்தான் செய்யும்.

எது காரணமாக இருந்தாலும், வைத்தியசாலை விளம்பரம் செய்த தப்புக்கு டியூஷன் சென்டர் அட்மிஷன் நேரத்தில் விளம்பரம் இல்லாமல் நிற்கிறதே, உங்கள் ஏற்பாட்டில் இருக்கும் கோளாறு அதுதான். அக்கவுண்ட் தடைபட்டது அந்தக் கோளாறை வெளியே காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். இதில் இன்னொரு நஷ்டமும் ஓசையில்லாமல் நடந்துகொண்டிருந்திருக்கும். ஒரு அக்கவுண்டில் யார் கிளிக் செய்கிறார்கள், யார் வாங்குகிறார்கள் என்ற விவரம் சேரச் சேரத்தான் விளம்பரம் சரியான ஆளைப் போய்ச் சேரும். ஒரு ஆட் செட் (ஒரே பட்ஜெட்டில், ஒரே மாதிரி ஆட்களுக்குக் காட்டும் விளம்பரத் தொகுப்பு) நிலைக்கு வரவே வாரத்துக்கு 50 ரிசல்ட் தேவை என்று மெட்டாவே சொல்கிறது. அங்கே பட்டுச்சேலை பார்க்கிறவர், பல் வலிக்காரர், பத்தாவது படிக்கிற பையனின் அம்மா எல்லோரையும் ஒன்றாகக் கொட்டி வைத்தால், சேர்ந்த விவரம் ஒருவருக்கும் உருப்படியாக உதவாது.

ஆகவே என் பதில் இதுதான்: பேஜ், ஆட் அக்கவுண்ட், பிக்சல் (வெப்சைட்டுக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் சின்னக் கோடு) எல்லாம் வாடிக்கையாளர் பெயரில் இருக்க வேண்டும், காசு அவர் கையிலிருந்து நேராக மெட்டாவுக்குப் போக வேண்டும், நீங்கள் பார்ட்னராக உள்ளே போய் வேலை பார்க்க வேண்டும். இரண்டு பேர் நடத்துகிற ஏஜென்ஸிக்கு வேறு ஏற்பாடு ஒத்துவராது.

இதை ஃபோனில் சொல்லிச் செய்யச் சொன்னால் நடக்காது, நேரில் போங்கள். ஜவுளிக்கடை என்றால் மதியம் இரண்டரை, மூன்று மணிக்குப் போனால் கல்லாவில் கூட்டம் இருக்காது. முதல் சிக்கல், முதலாளிக்கு ஃபேஸ்புக் ப்ரொஃபைலே இருக்காது, இருந்தாலும் பாஸ்வேர்ட் தெரியாது. பெரும்பாலும் மகனோ மருமகளோ வைத்திருப்பார்கள். அவர்களுடைய ப்ரொஃபைலில் போய் பிசினஸ் மேனேஜரைத் திறந்து, கடை பெயரை ஜிஎஸ்டி சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துப் பிசகாமல் போடுங்கள், பின்னால் பிசினஸ் வெரிஃபிகேஷன் கேட்டால் இதுதான் காப்பாற்றும். பேஜை உள்ளே சேருங்கள். ஆட் அக்கவுண்ட் திறக்கும்போது கரன்சி இந்திய ரூபாய், டைம் ஸோன் கொல்கத்தா என்று இருக்கிறதா பாருங்கள். அவசரத்தில் டாலரிலேயே விட்டுவிடுவார்கள், அப்புறம் மாற்ற வேண்டும் என்றால் புது அக்கவுண்ட்தான். முழு அதிகாரத்தோடு இரண்டு பேரைப் போடுங்கள், முதலாளி வீட்டு ஆள் ஒருவர், கடையில் நம்பிக்கையான இன்னொருவர். இரண்டு பேருக்கும் டூ-ஃபாக்டர் (பாஸ்வேர்டோடு இன்னொரு கோடும் கேட்கும் பாதுகாப்பு) போட்டு, ரெக்கவரி கோடைக் காகிதத்தில் எழுதி கல்லாப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். கேலியாகத் தோன்றும். மகன் புது ஃபோன் வாங்குகிற அன்றைக்கு அந்தக் காகிதத்தைத்தான் எல்லோரும் தேடுவார்கள்.

கடைசியாக பார்ட்னர்ஸ் பகுதியில் உங்கள் பிசினஸ் ஐடி எண்ணைக் கொடுத்து, பேஜ், ஆட் அக்கவுண்ட், பிக்சல் மூன்றுக்கும் உங்களுக்கு வேலை செய்யும் அளவுக்கு மட்டும் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். விளம்பரம் போட, நிறுத்த, ரிப்போர்ட் பார்க்க முடிந்தால் போதும். முழு அதிகாரத்தையும் அவர்களே கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள், நாளைக்கு ஏதாவது காணாமல் போனால் பழி உங்கள்மேல் விழாது. கூகுள் விளம்பரமும் பார்க்கிறீர்கள் என்றால் அங்கேயும் இதே முறைதான், நீங்கள் ஒரு மேனேஜர் அக்கவுண்ட் வைத்துக்கொண்டு அவர்களுடைய அக்கவுண்டை அதில் இணைப்பது.

பணம் கட்டுவதில் ஒரு தொல்லை வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 2021 அக்டோபரில் கார்டில் தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டதில் இருந்து, கார்டு எப்போது ஃபெயில் ஆகும் என்று சொல்ல முடியாது. 15,000-க்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். அதனால் சின்னக் கடைகளுக்கு யுபிஐயில் முன்பணம் போடுவதே நிம்மதி. ஆனால் முன்பணம் என்றால் தீர்ந்ததும் விளம்பரம் நின்றுவிடும், அதுவும் எப்போது நிற்கும் என்று நினைக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் வரவேண்டிய வாரத்தில் சனிக்கிழமை சாயங்காலம். முதலாளி கல்யாண மண்டபத்தில் இருப்பார், ஃபோன் எடுக்க மாட்டார். அதனால் திங்கள்கிழமை காலையில் ஒவ்வொருவருக்கும் ‘இருப்பு இவ்வளவு, இந்த வாரத்துக்குத் தேவை இவ்வளவு, புதனுக்குள் போட்டுவிடுங்கள்’ என்று வாட்ஸாப் போகிற மாதிரி ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பட்ஜெட் 1,000 என்று போட்டால் சில நாள் அதற்கு மேலும் எடுத்து வாரக் கணக்கில் சரிக்கட்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் ‘என் காசில் கூட எடுத்துவிட்டான்’ என்று உங்களைத்தான் கேட்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் எனக்கு உங்கள் கடிதத்தில் அதிகம் பயமாக இருந்தது அதுதான். மாதம் 2.4 லட்சம் உங்கள் வங்கிக் கணக்கு வழியாகப் போகிறது. வருடத்துக்கு 28.8 லட்சம். உங்கள் சார்ஜ் ஒன்பது பேருக்கு மாதம் 54,000, வருடம் 6.48 லட்சம். இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாக நீங்கள் வாங்குவதால், பார்க்கிறவருக்கு நீங்கள் 35 லட்சத்துக்குத் தொழில் செய்கிறீர்கள். சேவைத் தொழிலுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அப்படிப் பார்த்தால் நீங்கள் எப்போதோ தாண்டிவிட்டீர்கள். ‘இது என் பணம் இல்லை, வாங்கிக் கட்டினேன்’ என்று சொல்ல ஜிஎஸ்டி விதிகளில் ஒரு இடம் இருக்கிறது, ப்யூர் ஏஜென்ட் என்பார்கள், 33-ஆவது விதி. ஆனால் அதற்கு வாடிக்கையாளரோடு ஒப்பந்தம் இருக்க வேண்டும், பில்லில் தனியாகக் காட்டியிருக்க வேண்டும், ஒரு ரூபாய்கூட மேலே வைக்காமல் ஆன செலவை மட்டும் வாங்கியிருக்க வேண்டும். ஜிபே ஸ்க்ரீன்ஷாட் ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஆடிட்டரே தலையில் கை வைப்பார். இந்த மாதமே போய் அவரைப் பாருங்கள், பழையதை எப்படிக் காட்டுவது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

இதே விஷயம் வாடிக்கையாளருக்கும் நஷ்டம். மெட்டா விளம்பரச் செலவுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. ஆட் அக்கவுண்ட் பில்லிங்கில் கடையின் ஜிஎஸ்டி எண் இருந்தால், ஜவுளிக்கடைக்காரர் அந்த வரியை இன்புட் கிரெடிட்டாக எடுத்துக்கொள்வார், அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்வார். மாதம் 50,000-க்கு விளம்பரம் ஓட்டுகிறவருக்கு அது 9,000 ரூபாய். உங்கள் அக்கவுண்டில் ஓட்டியதால் இத்தனை நாளும் அந்தக் கிரெடிட்டை யாரும் எடுக்கவில்லை, அப்படியே போயிற்று. பல் கிளினிக்காரருக்கு இது பொருந்தாது, மருத்துவச் சேவைக்கே ஜிஎஸ்டி விலக்கு இருப்பதால் அவர் கிரெடிட் எடுக்க முடியாது. ஆனால் ஜிஎஸ்டி கட்டுகிற மற்றவர்களிடம் ‘ஏன் உங்கள் பெயரில் அக்கவுண்ட்’ என்று விளக்கும்போது விதிமுறை, பாதுகாப்பு என்று இழுக்காமல் இந்த 9,000 ரூபாயைச் சொல்லுங்கள், அடுத்த நிமிடம் மகனைக் கூப்பிட்டு பாஸ்வேர்ட் கேட்பார்.

சரி, ஜவுளிக்கடை விவகாரம். பாக்கிக்காகப் பேஜைப் பிடித்து வைக்காதீர்கள். அந்த பேஜ் அவர் கடைப் பெயர், அவர் படம், அவர் வாடிக்கையாளர்கள். நீங்கள் நிறுத்திவைக்கக்கூடியது உங்கள் வேலையை மட்டும்தான், அதை ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்கள். ஈரோட்டு ஜவுளிக்காரர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாதவர்களா என்ன, ‘அந்தப் பசங்க என் பேஜைப் புடிச்சு வெச்சுக்கிட்டானுங்க’ என்று ஒரு வார்த்தை மார்க்கெட்டில் போனால் 12,000 ரூபாய்க்காக எத்தனை கடையை இழப்பீர்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பேஜையும் இன்ஸ்டாவையும் முழுசாக அவர் பெயருக்கு மாற்றுங்கள், அவர் வீட்டு ஆள் முழு அதிகாரத்தோடு உள்ளே வந்துவிட்டாரா என்று பார்த்துவிட்டு நீங்கள் வெளியே வாருங்கள். பாக்கிக்குத் தேதி போட்டு ஒரு பில் கொடுங்கள், தனியாகப் பேசுங்கள். அவர் கொடுப்பார் என்றுதான் நினைக்கிறேன், பேஜைக் கொடுத்த பிறகு கேட்பதில் ஒரு பலம் இருக்கிறது. இனிமேல் யாராக இருந்தாலும் மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் சார்ஜ் முன்கூட்டியே வர வேண்டும் என்று வைத்துவிடுங்கள், வேலையை முடித்துவிட்டுக் கேட்கும் பழக்கம்தான் இந்தத் தகராறுக்கெல்லாம் வழி வைக்கிறது.

ஆட் அக்கவுண்டை அவர் கேட்கிறாரே, அதைக் கொடுக்க முடியாது, ஒன்பது பேர் கலந்து கிடப்பதைப் பிரித்துத் தர வழியில்லை என்பதோடு, ஒரு பிசினஸ் மேனேஜருக்குச் சொந்தமான ஆட் அக்கவுண்டை இன்னொன்றுக்குப் பெயர் மாற்றவும் முடியாது. இதை அவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டு, கொடுக்க முடிந்ததையெல்லாம் கொடுங்கள். அவருடைய கேம்பெயின் ரிப்போர்ட்டை எக்ஸெலில் இறக்கி அனுப்புங்கள். டிசைன் ஃபைல்கள், வீடியோக்கள். லீட் ஃபார்மில் வந்த பெயர், நம்பர்களை உடனே இறக்குங்கள், அவை 90 நாள்தான் இருக்கும். அப்புறம் நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று: விளம்பரத்தில் விழுந்த லைக், கமென்ட் எல்லாம் பேஜ் போஸ்ட்டோடு ஒட்டியிருப்பவை, ஆட் அக்கவுண்டோடு இல்லை. ‘விலை என்ன’, ‘கொரியர் உண்டா’ என்று முந்நூறு கமென்ட் விழுந்த பழைய சேலை வீடியோவின் போஸ்ட் ஐடியைக் குறித்துக் கொடுத்தால், புது அக்கவுண்டில் அதே போஸ்ட்டை விளம்பரமாக ஓட்டலாம், கமென்ட்டெல்லாம் அப்படியே இருக்கும். பேஜோடு தொடர்புகொண்டவர்களை வைத்து ஆடியன்ஸையும் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம், ஒரு வருடம் வரையாவது பின்னால் போகும். பிக்சல் மட்டும் புதிது போட வேண்டும். மற்ற எட்டுப் பேருக்கும் இதே வேலைதான், எனவே ஜவுளிக்கடைக்குச் செய்யும்போதே குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும், புது அக்கவுண்டில் முதல் நாளே பழைய வேகத்தில் செலவழிக்க விட மாட்டார்கள். ஆரம்பத்தில் தினசரி வரம்பு குறைவாகத்தான் இருக்கும், ஒழுங்காகப் பணம் கட்டிக் கட்டித்தான் ஏறும். முதல் சில வாரம் ஒரு லீடுக்கு ஆகும் செலவும் கூடும். இதை வாடிக்கையாளரிடம் இப்போதே சொல்லாமல் விட்டு, அடுத்த மாதம் அவர் கேட்கும்போது சொன்னால் சால்ஜாப்பு மாதிரி இருக்கும்.

உங்கள் நண்பருடைய பயத்தைப் பற்றி. அக்கவுண்ட் அவர்கள் பெயரில் இருந்தால் போய்விடுவார்களா என்றால், போவார்கள், சிலர். ஆனால் ஜவுளிக்கடைக்காரரைப் பாருங்கள், அக்கவுண்ட் முழுக்க உங்கள் கையில் இருக்கும்போதே அவர் போகிறேன் என்கிறார். வாடிக்கையாளரைப் பிடித்து வைப்பது, போன மாதம் எந்த வீடியோவுக்கு எத்தனை ஃபோன் வந்தது, அதில் எத்தனை பேர் கடைக்கு வந்தார்கள் என்று அவருக்கே தெரியாததை நீங்கள் சொல்வதுதான். நிறைய ஏஜென்ஸிகள் ரீச் இவ்வளவு, இம்ப்ரெஷன் இவ்வளவு என்று வண்ணமயமாக பத்துப் பக்க பிடிஎஃப் அனுப்புகிறார்கள், எந்த முதலாளியும் அதை இரண்டாம் பக்கம் திருப்புவதில்லை. டியூஷன் சென்டரில் ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணிடம் மாதம் ஒருமுறை உட்கார்ந்து, வந்த லீடில் யார் ஃபோன் எடுத்தார்கள், யார் டெமோ கிளாஸுக்கு வந்தார்கள், யார் ஃபீஸ் கட்டினார்கள் என்று நோட்டைப் பார்த்து எழுதி வாருங்கள். பாதி லீடுக்கு அவர்கள் திருப்பி ஃபோனே செய்திருக்க மாட்டார்கள் என்பது அப்போதுதான் தெரியவரும். அதைச் சரிசெய்து கொடுத்தால் விளம்பரத்தில் ஒரு ரூபாய் கூட்டாமல் அட்மிஷன் கூடும். அந்த ஆளை விட்டுவிட்டு யார் போவார்கள்.

சார்ஜ் விஷயத்தில் ஒரு அபிப்பிராயம். பத்திரிகை விளம்பரத்தில் ஏஜென்ஸிக்கு 15 சதவீதம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு, அதைப் பார்த்து டிஜிட்டலிலும் விளம்பரச் செலவில் சதவீதம் கேட்கிறார்கள். உங்கள் அளவுக்கு வேண்டாம். பட்ஜெட்டைக் கூட்டலாம் என்று நீங்கள் நியாயமாகச் சொன்னால்கூட உங்கள் கமிஷனுக்காகச் சொல்கிறீர்கள் என்று தோன்றும். நிலையான மாதச் சார்ஜ் போதும், ஆனால் 6,000 பத்தாது. ஒன்பது கடைக்கு ரீல்ஸ் எடுத்து, எடிட் செய்து, விளம்பரம் பார்த்து, மாதம் 54,000-ஐ இரண்டு பேர் பிரித்துக்கொண்டால் ஆஃபீஸ் வாடகை, நெட், சாஃப்ட்வேர் போக என்ன மிஞ்சும்? அக்கவுண்ட் மாற்றுகிற இந்தச் சாக்கிலேயே புதிய சார்ஜையும் பேசிவிடுங்கள். இரண்டு மூன்று பேர் கழன்றுகொண்டால் கழன்றுகொள்ளட்டும்.

பேச்சோடு பேச்சாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தேர்தல் வரும்போது தெரிந்த கட்சிக்காரர் யாராவது ‘தம்பி, நமக்கும் கொஞ்சம் பூஸ்ட் பண்ணிவிடு’ என்று கேட்பார். அரசியல் விளம்பரத்துக்கு அடையாளச் சரிபார்ப்பும், யார் பணம் கொடுத்தது என்ற அறிவிப்பும் இந்தியாவில் 2019-லிருந்து மெட்டாவில் கட்டாயம், தேர்தல் நேரத்தில் தேர்தல் ஆணையத்தின் முன் அனுமதி வேறு வாங்க வேண்டும். வாடிக்கையாளர்கள் பேஜில் வேலை செய்கிற அதே ப்ரொஃபைலை வைத்துக்கொண்டு இதில் கால் வைக்காதீர்கள். பங்குச்சந்தை டிப்ஸ் சொல்லும் வாடிக்கையாளர் வந்தாலும் முதலில் செபி பதிவு எண்ணைக் கேளுங்கள், இல்லை என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

இந்த வாரம் உங்கள் நேரம் போகப்போவது ஃபோனில்தான், எட்டுப் பேரும் கூப்பிடுவார்கள். அவர்கள் கூப்பிடும் முன் நீங்கள் அனுப்புங்கள், இந்த மாதிரி எளிமையாக: ‘வணக்கம்ங்க. போன வாரம் எங்கள் ஆட் அக்கவுண்டை ஃபேஸ்புக் நிறுத்திவிட்டது, அதனால் உங்கள் விளம்பரம் ஓடவில்லை. உங்கள் பணம் அதில் இவ்வளவு இருக்கிறது, அது வராவிட்டால் அடுத்த இரண்டு மாதச் சார்ஜில் கழித்துக்கொள்கிறோம். இனி உங்கள் பெயரிலேயே அக்கவுண்ட் திறந்து தருகிறோம், பணமும் நீங்களே நேராகக் கட்டலாம், ஜிஎஸ்டி பில் உங்கள் பெயரில் வரும். நாளை மதியம் மூன்று மணிக்குக் கடைக்கு வரலாமா? ஜிஎஸ்டி சான்றிதழும் பேன் கார்டும் எடுத்து வையுங்கள்.’

இதை அனுப்பிய இரண்டு நாளில் அந்த பேஜ்களின் இன்பாக்ஸில் ‘மெட்டா சப்போர்ட்’ என்ற பெயரில், மெட்டா லோகோவோடு, ‘உங்கள் பேஜ் 24 மணி நேரத்தில் நீக்கப்படும், இந்த லிங்க்கை அழுத்தி முறையிடுங்கள்’ என்று மெசேஜ் வந்தாலும் வரும். மெட்டா மெசெஞ்சரில் வந்து இப்படி மிரட்டாது. பிசினஸ் மேனேஜரில் யார் வேண்டுமானாலும் தங்கள் பிசினஸுக்கு மெட்டா என்று பெயர் வைத்து பார்ட்னர் அழைப்பு அனுப்பலாம், அந்த மெயில் பார்க்க அச்சு அசலாக இருக்கும். அட்மின் ஆகப்போகிற அந்த மகன், மருமகள், கேஷியர் எல்லோரிடமும் நேரில் போகும்போதே சொல்லிவிடுங்கள்: எந்த லிங்க் வந்தாலும் தொடாமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து முதலில் உங்களுக்கு அனுப்ப வேண்டும், இரவு பதினோரு மணியாக இருந்தாலும் பரவாயில்லை.